ரத்தம் ஊறவில்லை

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு விடுமுறையில் பின்னக் கூட்டலைச் சுத்தமாகத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. அரைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்தச் சொல்கிறார்கள். நடத்துகிறேன், என் தலையெழுத்து.

சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டும் எங்கள் நாய் பூந்தி கேட்டுக்கு வரவில்லை. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நாள் நடந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்தபடி வாலை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினான். மத்தியானமும் சரியாகத் தின்னவில்லை என்றாள் ஜெபா, என் தம்பி ஆசீரின் மனைவி. விலாவில் இரண்டு பக்கமும் முடி கொட்டித் தோல் தெரிகிறது. வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டை வெயிலுக்கு மனுஷனுக்கே முடி கொட்டும்.

குளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கைகளில் மருந்து போட்டேன். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்ததும் பூந்தி மடியில் ஏறிக்கொண்டான். வழக்கம்போல முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஓர் இடம் பாக்கியில்லாமல் நக்கி முடித்துவிட்டுத்தான் தூங்கினான். இந்த வீட்டில் என்னைத் தொடுகிற ஒரே ஜீவன் இவன்தான்.

ஜூன் 14, வெள்ளி

பூந்தியைக் குளிப்பாட்டும்போது ஜெபா கூப்பிட்டுக் காட்டினாள். வயிற்றில் காம்புகள் வீங்கியிருக்கின்றன, குட்டி போட்ட பெட்டை நாய்க்கு இருப்பதுபோல. கடுவன் நாய்க்கு இது என்ன கூத்து? அது போதாதென்று தெருவிலுள்ள கடுவன்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கு வெளியே காத்துக் கிடக்கின்றன.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்கக்கா” என்றான் ஆசீர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்த வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்துபோன மாப்பிள்ளை வீட்டாரை எல்லாம் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அதையெல்லாம் நினைத்து அழுகிற வயசு எனக்குப் போய்விட்டது, நாற்பத்தேழு ஆகிறது. அவன்தான் பாவம், கேட்டுக்குப் போய் அந்த நாய்களை விரட்டினான்.

ஜூன் 17, திங்கள்

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளை அடித்த சுவர்போல இருந்தது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆசீர் காரோட்ட, நான் பின்னால் பூந்தியை மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் அப்துல் கனி என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். அப்போதெல்லாம் விடை சரியாக வரும், வழி எழுத மாட்டான். அதற்காகவே எத்தனையோ தடவை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு படியாகத்தான் போகிறான். கண், ஈறு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தான். ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு மேலே இருக்க வேண்டுமாம், ஆறுதான் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இந்தப் பக்கம் அதுதான் அதிகம் என்று மாத்திரை கொடுத்தான். போகும்போது “டீச்சர், பயப்படாதீங்க” என்றான். நான் பயப்படுகிறேன் என்று இவனிடம் யார் சொன்னது?

ஜூன் 21, வெள்ளி

மாத்திரையை ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தால் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறான். வாயைப் பிளந்து போட வேண்டியிருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஆனாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாமாம்.

வகுப்புத் தேர்வுத் தாள் எண்பது திருத்தினேன். மருந்து போட்டேன். பூந்தி மடியில் ஏற முடியாமல் முன்காலை மட்டும் என் முழங்காலில் வைத்து நின்றான். தூக்கி உட்காரவைத்துக் கையை நீட்டினேன். எப்போதும் நக்குவதில் பாதிகூட நக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

ஹீமோகுளோபின் ஐந்து. டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினான். “உடம்புல ரத்தம் குறைஞ்சா ரெண்டே வழிதான் டீச்சர். இருக்கிற ரத்தம் வீணாப் போகணும். இல்லன்னா புதுசா ஊறாம இருக்கணும். இவனுக்கு வீணாப் போகல.” ரத்தம் குறைந்தால் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை அவசரம் அவசரமாகப் புது அணுக்களைச் செய்து அனுப்புமாம். பூந்தியின் ரத்தத்தில் அந்த இளம் அணு ஒன்றுகூட இல்லையாம். ரத்தம் உறைவதற்கான பிளேட்லெட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றான்.

அதன் பிறகு வரிசையாகக் கேள்வி கேட்டான். வீட்டில் எலி மருந்து வைத்தீர்களா? பெயிண்ட் அடித்தீர்களா? வெங்காயம் தின்றானா? காயடித்து விதை எடுத்தாயிற்றா? எல்லாவற்றுக்கும் ஆசீர்தான் பதில் சொன்னான். விதை எடுத்து ஐந்து வருஷமாயிற்று என்றதும் டாக்டர் நெற்றியைச் சுருக்கினான். விதையில் கட்டி வந்தால் பெண் ஹார்மோன் ஊறிக் காம்பு இப்படி வீங்கும், மஜ்ஜையும் வற்றும், விதையே இல்லையென்றால் அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னான். பிறகு கேட்டான்: “வீட்ல பெண்கள் யாராச்சும் ஹார்மோன் மருந்து, களிம்பு அந்த மாதிரி ஏதாவது...?”

ஆசீர் சிரித்தே விட்டான். “என் வீட்டுக்காரிக்கு முப்பத்தாறு வயசு. எங்கக்காவுக்குக் கல்யாணமே ஆவல. அதுக்கெல்லாம் எங்க வீட்ல ஆளில்ல டாக்டர்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினான். “டீச்சர்?”

இல்லை என்றேன்.

அவன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். என்னிடம் படித்த மூன்றாம் பெஞ்சுப் பையன் முன்னாலும் கூடப் பிறந்த தம்பி முன்னாலும் உட்கார்ந்து நான் என்ன சொல்ல முடியும்? போன வருஷம் மே மாதம் நாகர்கோவிலில் எனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் குடல்வால் ஆப்பரேஷன் என்று வீட்டில் சொன்னேன்; என் கல்லூரித் தோழி வீட்டில் தங்கியிருந்தேன். அதற்குப் பிறகு வகுப்பில் நிற்கும்போதே உடம்பு தீப்பிடித்ததுபோல எரியும், ரவிக்கை நனைந்துவிடும். கையில் தடவச் சொல்லி அந்த டாக்டரம்மா எழுதிக்கொடுத்த களிம்புதான் என்னை மனுஷியாக நடமாட வைத்திருக்கிறது. கல்யாணம் ஆகாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு ஆள் கேட்டால்கூட நான் செத்துவிடுவேன்.

அது என் கையில் போடுகிற மருந்து. நாய்க்கு என்ன செய்யும்? பெயிண்ட், வெங்காயம்போல அதையும் ஒரு கேள்வியாகக் கேட்டான், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது ஆசீர் இதை ஜெபாவிடம் பெரிய நகைச்சுவையாகச் சொன்னான். ஜெபா சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். “ரசம் ஊத்தவா மதினி?” என்று கேட்டாள்.

ஜூன் 26, புதன்

முழுக்கை நைட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பூந்தி துணியை மூக்கால் நெம்பிப் பார்த்துவிட்டு முனகினான்.

ஜூன் 27, வியாழன்

இன்றும் முழுக்கை. வியர்த்து ஊற்றியது. அவன் ஒரு மணி நேரம் அழுதான். சீக்காய்க் கிடக்கிற பிள்ளையை இப்படி அழவைக்க நான் என்ன ராட்சசியா? நைட்டியை மாற்றிவிட்டு வந்தேன். மருந்து போட்டு அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காய்ந்துவிட்டால் எல்லாம் தோலுக்குள் போய்விடும்தானே.

ஜூன் 29, சனி

பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் மஜ்ஜை எடுத்தார்கள். டாக்டர் கனியும் கூட வந்தான். மயக்க ஊசி போட்டு, முன்காலின் மேலெலும்பில் சிரைத்துவிட்டு, ஒரு கனத்த ஊசியைத் திருகித் திருகி இறக்கினார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள என்னை விட்டார்கள். எலும்பில் ஊசி இறங்குகிற சத்தம் என் கைக்குத் தெரிந்தது. ஆசீர் வெளியே போய் நின்றுகொண்டான். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், இதைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ரத்தம் ஊற வேண்டிய இடத்தில் வெறும் கொழுப்புதான் இருக்கிறதாம். எதனால் என்று தெரிந்தால் அதை விலக்கிவிட்டு மஜ்ஜை திரும்ப முழிக்கிறதா என்று காத்திருக்கலாம், எதனால் என்றுதான் தெரியவில்லை என்றான் கனி. அவன் குரலில் என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். கனிக்குத் தெரிந்த ஒருவரின் பெரிய கறுப்பு நாய் வந்து கழுத்தை நீட்டிக் கொடுத்தது. சத்தமே போடவில்லை, நல்ல பிறவி. நாய்களுக்கு முதல் தடவை பெரும்பாலும் எந்த நாயின் ரத்தமும் சேருமாம். இரண்டாம் தடவை பொருத்தம் பார்க்க வேண்டுமாம்.

ஜூலை 1, திங்கள்

பூந்தி சோறு தின்றான்! கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் பிசைந்து ஜெபா வைத்த கிண்ணத்தை நக்கிச் சுத்தம் செய்துவிட்டான். ஸ்கூட்டர் சத்தத்துக்குக் கேட்வரை வந்தான். ஆசீர் அவனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சாயங்காலம் தானாகவே என் மடியில் ஏறினான். பழையபடி இரண்டு கையையும் நக்கினான்.

ஜூலை 4, வியாழன்

மறுபடி ஈறு வெளுக்கிறது. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கொசுக்கடிபோல. கொசுக்கடி இல்லை.

ஜூலை 5, வெள்ளி

களிம்புப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எடுத்துப் படித்தேன். பொடி எழுத்து. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

களிம்பு போடவில்லை.

ஜூலை 6, சனி

கையைச் சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினேன். பழைய நைட்டிகளையும் மடியில் விரிக்கிற துண்டையும் வெந்நீரில் போட்டேன். என்ன இத்தனை துவைப்பு மதினி என்று ஜெபா கேட்கவில்லை. தானாகவே வந்து பிழிந்து கொடியில் போட்டாள்.

பூந்தி வந்து கையை மோந்தான். விலக்கிவிட்டேன். திரும்ப வந்தான். கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, கால் தடுமாறி உட்கார்ந்துவிட்டான். பிறகு கதவோரம் போய்ப் படுத்து, நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ ஒன்றும் செய்யவில்லையடா, என் ராசா.

ஜூலை 8, திங்கள்

களிம்பு இல்லாமல் மூன்று நாள். நாலாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது உடம்பு கொதித்தது. பின்னால் ஒரு பிள்ளை சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று வெளியே நிறுத்திவிட்டேன். அவள் வேறெதற்கோ சிரித்தாள் என்று பிறகு தெரிந்தது. கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

பள்ளி விட்டதும் நேராகக் கனியின் கிளினிக்குக்குப் போனேன், தனியாக. ஒரு கிடாயும் இரண்டு பூனையும் முடியும்வரை காத்திருந்தேன். அறைக்குள் போய் நின்றபடியே சொன்னேன். “அன்னைக்கு நீ கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னேன்ல. அது பொய். நான்தான் போடுறேன். தினமும் கையில். அவன் தினமும் நக்கினான்.”

அவன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான். எத்தனை மாதமாக என்று கேட்டான். பதிமூன்று என்றேன். எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன். நான் கேட்டது போன மாதம் இருபத்தைந்து என்று அவன் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா பிழைக்க வழி இருந்திருக்குமா?”

“தெரியல டீச்சர். மஜ்ஜை திரும்ப முழிக்க மாசக்கணக்கா ஆகும். அதுவரை ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். முழிக்காமலும் போகலாம்.” மூடிய பேனாவை மறுபடி எடுத்தான். “ஆனா பத்து நாள் கூடக் கிடைச்சிருக்கும்.”

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். பெஞ்சுமேல் ஏற்றியிருக்கலாம். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ந்த பிறகும் தோலில் மிச்சம் இருக்கும், கை படாத இடத்தில் போட்டுத் துணியால் மூடினால் போதும், மாத்திரையாகவும் கிடைக்கும், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னான். அவ்வளவு சின்ன விஷயம். ஆசீரிடம் சொல்லாதே என்றேன். சொல்ல மாட்டேன் என்றான்.

ஜூலை 10, புதன்

இரண்டாம் தடவை ரத்தத்துக்குப் பொருத்தம் பார்த்தார்கள். கறுப்பு நாயின் ரத்தம் சேரவில்லை. இன்னொரு நாய் வந்தது, அதுவும் சேரவில்லை. ஆசீர் தன்னுடன் வேலை செய்கிறவர்கள் வீட்டு நாய்களையெல்லாம் விசாரித்து, மனுஷருக்குக் கேட்பதுபோல ரத்தம் கேட்டுப் போன்மேல் போன் போடுகிறான்.

ஜூலை 12, வெள்ளி

மூக்கில் ரத்தம். பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பள்ளிக்குப் போகவில்லை. வட்டக்கோட்டையிலிருந்து ஒருவர் நாளை நாயோடு வருகிறாராம்.

ஜூலை 13, சனி

வந்த நாய்க்குப் பொருத்தம் சரியாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பையில் தொங்கவிட்டார்கள். பாதிப் பை ஏறும்போது பூந்தி மூச்சு வாங்கினான். கண் என்னைத் தேடியது. கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோயிருந்த கையை அவன் முகத்தருகே வைத்தேன். மோந்து பார்த்தான். நக்கவில்லை. நான் தள்ளிவிட்டது நினைவிருந்ததோ, நாக்கை அசைக்கத் தெம்பில்லையோ. நக்கடா, இப்போது ஒன்றும் இல்லையடா என்று காதில் சொன்னேன். பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லைத் தாண்டி ஆசீர் குழி வெட்டினான். ஜெபா தன் பழைய சேலையில் சுற்றினாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பாவ அறிக்கை சொல்கிற இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து என் வாயும் சொன்னது. மனசு சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பள்ளியிலிருந்து வந்தபோது ஆசீர் வேலைக்குப் போகாமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் உண்ணிப் பவுடர் டப்பா. ஏப்ரலில் பூந்திக்கு அதை அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டேன், அதுதான் அவன் எலும்பைத் தின்றிருக்கிறது, என் கையால் கொன்றுவிட்டேன் என்று அழுதான். நாற்பத்திரண்டு வயசு ஆம்பளை, தேம்பித் தேம்பி அழுதான். அப்பா செத்தபோதுகூட இவன் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அப்போது சொல்லிவிட்டேன். ஆப்பரேஷன், களிம்பு, பதிமூன்று மாதம், அன்றைக்குக் கிளினிக்கில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பாடம் ஒப்பிக்கிறதுபோல வந்தது.

ஆசீர் டப்பாவைக் கீழே வைத்தான். பிறகு, “ஆப்பரேஷனுக்கு யாருக்கா கூட இருந்தா?” என்று கேட்டான். தோழி இருந்தாள் என்றேன். “நான் ஒருத்தன் இருக்கேன்லா” என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, எழுந்து மாடிக்குப் போய்விட்டான். நாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஜெபா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும் மதினி. கிறிஸ்மசுக்கு உங்க பீரோவைத் துடைச்சப்போ பார்த்தேன். என் அம்மாவும் அதே களிம்பு போட்டாங்க.” சேலை முனையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு இவிய டாக்டர் கேட்டதைச் சிரிச்சிக்கிட்டே சொன்னப்போ எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. நீங்க தலையைக் குனிஞ்சிட்டிய. நான் வாயைத் திறந்தா உங்க மானம் போயிரும்னு விட்டுட்டேன். நீங்களே நிறுத்திருவியன்னு நெனச்சேன்.”

பத்தொன்பது நாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மாறி மாறி அவனுக்குச் சோறு பிசைந்து வைத்தோம். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

“என்ட்ட தனியா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா ஜெபா?”

அவள் அழுதுகொண்டே என்னை நேராகப் பார்த்தாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பியளா மதினி?”

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.